எஸ்.எஸ்.டி. நேத்து வந்ததில்லைங்க!

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேச்சு நடுவில் ஒரு மாணவர் எழுந்து, "அண்ணா, எஸ்.எஸ்.டி. எந்த வருஷம் வந்துச்சு?" என்று கேட்டார். நானும் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி, "ஒரு 2008, 2010 வாக்கில்" என்று அடித்துவிட்டேன். மாணவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த முன்னாள் மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். எனக்கு முப்பது வருஷம் சீனியர். "ஏந்தம்பி, எஸ்.எஸ்.டி. என்னமோ நேத்து வந்த மாதிரி சொல்லிப்போட்டீங்க? நான் வெளிநாட்டுல வேலை பாத்த எடத்துல எண்பத்திரண்டுலயே மெமரியைக் கொண்டாந்து டிஸ்க்குன்னு மாட்டி வெச்சிருந்தாங்க. அதுல ஒண்ணையும் சேத்து வெக்கறதில்லைங்க. பூராவும் அழிக்கறதுக்குன்னே எழுதற ஃபைலு" என்றார்.

"அழிக்கறதுக்குன்னு எழுதற ஃபைலுக்கா சார் அத்தனை காசு போட்டு வாங்கினாங்க?"

"அதுக்குத்தானுங்க வாங்குனாங்க. சேத்து வெக்கறதுக்கு டேப்பு இருந்துச்சே!"

அந்த ஒரு பதில் என்னை ஒரு வருஷமாகப் படிக்க வைத்துவிட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவதென்று முடிவு செய்தேன். தவறான வருஷத்தை நோட்டில் எழுதிக்கொண்ட அந்தத் தம்பிக்கும் இது ஒரு திருத்தம்.

முதலில், அழிப்பதற்கென்றே எழுதும் கோப்பு என்றால் என்ன? கணபதிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம்ம ஊர் பவுண்டரியில் ஒரு பம்பு கேசிங் வார்க்க வேண்டும் என்றால், உள்ளே பள்ளம் விழுவதற்கு மணலில் ஒரு கோர் செய்து மோல்டுக்குள் வைப்போம். உருக்கு ஊற்றி ஆறியதும் அந்தக் கோரை உடைத்துக் கொட்டிவிடுவோம். அதைப் பத்திரப்படுத்தி யாரும் பீரோவில் வைப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் வார்ப்பே கிடையாது. அது சரியாக இல்லாவிட்டால் வார்ப்பு போச்சு. கம்ப்யூட்டரில் டெம்பரரி ஃபைல் என்பது அந்த மணல் கோர்தான்.

1970களில் ஒரு சின்ன சி புரோகிராமைக் கம்பைல் செய்ய வேண்டும் என்றாலும், கம்பைலர் முழுசாக மெமரியில் உட்காராது. அதனால் அதைப் பல துண்டாக வெட்டியிருந்தார்கள். முதல் துண்டு வந்து புரோகிராமைப் படித்து, அரைகுறையாகப் புரிந்துகொண்டதை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் போகும். அடுத்த துண்டு வந்து அதைப் படித்து இன்னொரு கோப்பு எழுதும். பிறகு அசெம்ப்ளர். வேலை முடிந்ததும் இடையில் எழுதியதெல்லாம் குப்பை. சம்பளப் பட்டியலை வரிசைப்படுத்துவதும் இதே கதைதான். மெமரியில் கொள்ளும் அளவுக்குத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, எழுதி, மறுபடி படித்து, இணைத்து, மறுபடி எழுதி... கடைசியில் கிடைப்பது ஒரு கோப்பு. நடுவில் பிறந்து செத்தது பத்து கோப்பு.

ஆக, டிஸ்க்கின் முள்ளை அதிகமாக ஓட வைத்தது சேமித்து வைக்கும் கோப்புகள் அல்ல, இந்தக் குப்பைதான்!

அந்தக் காலத்து டிஸ்க் எவ்வளவு மெதுவானது என்று பாருங்கள். டிஜிடல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1970ல் பி.டி.பி-11 என்ற மினி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. "மினி" என்றால் பீரோ சைசு. அதற்கு மாட்டும் ஆர்.கே.05 என்ற டிஸ்க் சுமார் 2.5 மெகாபைட் கொள்ளும். நிமிஷத்துக்கு 1500 சுற்று. முள் சரியான தடத்துக்கு நகர்ந்து போகச் சராசரியாக 50 மில்லி செகண்டு; போன பிறகு நமக்கு வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு வரும் வரை காத்திருக்கச் சராசரியாக 20 மில்லி செகண்டு. மொத்தம் 70. அதே மெஷினில் இருந்த கோர் மெமரி சுமார் ஒரு மைக்ரோ செகண்டில் பதில் சொல்லும். கிட்டத்தட்ட எழுபதாயிரம் மடங்கு வித்தியாசம். டிஸ்க் ஒரு தடவை பதில் சொல்வதற்குள் பிராசசர் எத்தனை வேலை செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு முதல் வைத்தியம், முள்ளை நகர்த்தாமல் இருப்பது. தடத்துக்கு ஒரு முள் என்று 128 தடத்துக்கு 128 முள் நிரந்தரமாகப் பொருத்திய ஆர்.எஸ்.11 என்ற டிஸ்க்கை டெக் விற்றது. கொள்ளளவு அரை மெகாபைட்தான். ஆனால் 50 மில்லி செகண்டு நகர்வு மிச்சம். சுற்றுக்குக் காத்திருப்பது மட்டும் பாக்கி. அமெரிக்காவின் 60 சைக்கிள் கரண்டில் அது சராசரியாகச் சுமார் 17 மில்லி செகண்டு. 50 சைக்கிள் கரண்டில் மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் 20. (மோட்டார் கட்டும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. மெஷின் ஒன்றுதான், கரண்ட் மாறினால் கம்ப்யூட்டரே நிதானமாகிவிடும்!)

யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் இந்த மாதிரி டிஸ்க்தான் இருந்தது. அவர்களுடைய முதல் பி.டி.பி-11ல் 1971 வாக்கில் இருந்த மொத்த மெமரி 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கு, 8 நமக்கு. டிஸ்க் 512 கிலோபைட். சில ஆண்டுகளில் பெரிய மெஷின் வந்த பிறகும், முள் நகராத டிஸ்க்கில் ரூட்டையும் ஸ்வாப்பையும் வைத்தார்கள். பயனாளர்களின் கோப்புகளைப் பெரிய, மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளினார்கள். தற்காலிகக் கோப்புகளின் டைரக்டரியான டெம்ப், ரூட்டோடு சேர்ந்தே இருந்தது. ஆக மிக வேகமான, மிக விலையுயர்ந்த இடம் யாருக்குப் போனது? நாளைக்கு இருக்காத கோப்புகளுக்கு. லினக்ஸ் படிக்கும் தம்பிகள் டெம்ப் ஏன் ரூட்டுக்கு நேர் கீழே இருக்கிறது, யூசர் கோப்புகள் ஏன் தனியாக இருக்கிறது என்று யோசித்திருந்தால், அதற்குப் பின்னால் இந்த டிஸ்க் ஏற்பாடும் ஒரு காரணம்.

இப்போது ஒரு கேள்வி வரும். மெமரிதான் அவ்வளவு வேகமாச்சே, கூடுதலாக மெமரி வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே? அதை ஏன் டிஸ்க் மாதிரி வேஷம் போட வைக்க வேண்டும்?

எனக்கும் இதுதான் புரியாமல் இருந்தது. விடை 16 என்ற எண்ணில் இருக்கிறது. பி.டி.பி-11ன் முகவரி 16 பிட். இரண்டின் பதினாறாவது அடுக்கு 65,536. ஒரு முகவரியை வைத்து 64 கிலோபைட்டுக்கு மேல் சுட்ட முடியாது, மெஷினில் எவ்வளவு மெமரி இருந்தாலும் சரி. பின்னால் வந்த மாடல்கள் 256 கிலோபைட் வரை ஏற்றுக்கொண்டன. 1975ல் வந்த 11/70 நான்கு மெகாபைட் வரை. ஆனால் புரோகிராமுக்கு இருந்தது 8 கிலோபைட் அளவுள்ள சில ஜன்னல்கள் மட்டும். ஊரே விலைக்கு வாங்கினாலும் அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்குப் புரோகிராமைத் திருத்தி எழுத வேண்டும்.

டிஸ்க்கைப் படிக்கத் தெரியாத புரோகிராம் கிடையாது. ஆகவே மிச்ச மெமரியை ஒரு பெட்டியில் போட்டு, "நான் ஒரு டிஸ்க்" என்று சொல்ல வைத்துவிட்டால், ஒரு வரி கூட மாற்றாமல் பழைய புரோகிராமெல்லாம் வேகமாக ஓடும். நல்ல எஞ்சினியரிங் என்று நான் மதிப்பது இதைத்தான். இருக்கும் மெஷினை நிறுத்தாமல், ஆளுக்கு மறுபயிற்சி கொடுக்காமல், நடுவில் ஒரு பொருளை மட்டும் மாற்றுவது.

1976ல் அமெரிக்காவின் டேட்டாராம் கம்பெனி "பல்க் கோர்" என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தது. டெக், டேட்டா ஜெனரல் ஆகிய இரண்டு கம்பெனிகளின் மினி கம்ப்யூட்டர்களுக்கும் மாட்டலாம். உள்ளே சுற்றும் தட்டு கிடையாது. கோர் மெமரி, அதிகபட்சம் 2 மெகாபைட். மெஷினைப் பொறுத்தவரை அது ஒரு டிஸ்க். இந்த வருஷத்தைத்தான் அந்தத் தம்பி நோட்டில் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு டெக் கம்பெனியே 1980களின் தொடக்கத்தில் எம்.எல்.11 என்று ஒன்று விற்றது. இது கோர் அல்ல, செமிகண்டக்டர் சில்லு. 16 கிலோபிட் சில்லு போட்டது ஒரு ரகம், 64 கிலோபிட் போட்டது இன்னொரு ரகம். பெரிய டிஸ்க்குகளை மாட்டும் அதே மாஸ்பஸ் கேபிளில் இதையும் மாட்டலாம். பெர்க்லி யூனிக்ஸின் டிஸ்க் டிரைவரைப் பார்த்தால், சுற்றும் டிஸ்க்குகளின் பட்டியலோடு இந்தச் சுற்றாத டிஸ்க்கும் ஒரு வரியாக இருக்கும். முள் நகரும் நேரம், சுற்றும் நேரம் எல்லாம் இதற்கு அர்த்தமே இல்லாத சமாச்சாரம், இருந்தாலும் பட்டியலில் மற்றவர்களோடு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். நம் மூத்தவர் சொன்ன பெட்டியும் இந்த ஜாதிதான்.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. டெக்கின் ஆர்.டி.-11 ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வி.எம். என்று ஒரு ஹேண்ட்லர் உண்டு. 28 கிலோ-சொல் எல்லைக்கு மேல் சும்மா கிடக்கும் மெமரியை அது டிஸ்க் ஆக்கிக் கொடுக்கும். பெரிய மெயின்ஃப்ரேம் உலகத்தில் 1978ல் ஸ்டோரேஜ்டெக் கம்பெனி 45 மெகாபைட் பெட்டியை 4 லட்சம் டாலருக்கு விற்றது. அதே வருஷம் டெக்சஸ் மெமரி சிஸ்டம்ஸ், எண்ணெய் தேடும் கம்பெனிகளின் நில அதிர்வுப் பதிவுக்காக 16 கிலோபைட் பெட்டி கொடுத்தது. மெகாபைட்டும் கிலோபைட்டும் அச்சுப் பிழை அல்ல.

நம் நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? கோர் மெமரி நமக்குப் புதுசில்லை. பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையம் கட்டிய டி.ஐ.எஃப்.ஆர்.ஏ.சி. கம்ப்யூட்டர் 1960ல் ஓட ஆரம்பித்தபோதே அதில் 40 பிட் கொண்ட 2048 சொற்களுக்கு ஃபெரைட் கோர் மெமரி இருந்தது. இன்றைய கணக்கில் 10 கிலோபைட். 1967ல் ஹைதராபாதில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, அதாவது ஈ.சி.ஐ.எல்., தொடங்கப்பட்டது. டிராம்பே அணுசக்தி நிலையத்தில் 1969ல் உருவான டி.டி.சி-12 என்ற 12 பிட் கம்ப்யூட்டரை அது தயாரித்து விற்றது. 1974ல் டி.டி.சி-312, 1975ல் 16 பிட் டி.டி.சி-316. நம்முடைய சொந்த மினி கம்ப்யூட்டர்கள். 1971லிருந்து 1978 வரை விற்றது 98 மெஷின், பெரும்பாலும் அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும். ஏழு வருஷத்தில் நாடு முழுக்க 98!

அந்த 98ல் ஒன்றுக்கு யாராவது மெமரிப் பெட்டி வாங்கி, குப்பைக் கோப்பு எழுத விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. மெமரி என்பது மெயின் மெமரிக்கே பத்தாத சரக்கு. வெளியிலிருந்து வாங்க அந்நியச் செலாவணி அனுமதி, சுங்க வரி, டெல்லிக்கும் பம்பாய்க்கும் கடிதப் போக்குவரத்து. 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுக் கிளம்பியது. அதே சமயத்தில் தனியார் கம்பெனிகளுக்கு மினி கம்ப்யூட்டர் தயாரிக்க வழி திறந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகுதான் உதிரிபாகங்கள் ஓரளவு தாராளமாக வந்தன. அதுவரை நம்மவர்கள் செய்தது வேறு வித்தை. இடைக்கால விடையை டேப்பில் எழுதினார்கள், பேப்பர் டேப்பில் குத்தினார்கள், கார்டு கட்டாக எடுத்துவைத்து மறுநாள் மறுபடி ஊட்டினார்கள். டெம்பரரி ஃபைலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறை! இந்த மலரைப் படிக்கும் அறுபது வயதைத் தாண்டிய அண்ணன்மார்களுக்கு இது தெரியும். அந்த நடைக்கு எத்தனை மணி நேரம் போனது, எத்தனை ஆராய்ச்சி மாணவர்களுக்கு எத்தனை மாசம் போனது என்று எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. மெஷின் பெயரையும் வருஷத்தையும் எழுதுகிறோம், காத்திருந்த நேரத்தை எழுதுவதில்லை.

கோர் மெமரி என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. கணபதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. உள்ளங்கை அளவு சட்டம். அதில் நெருக்கு வெட்டாக மெல்லிய செம்புக் கம்பிகள். கம்பி வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் கடுகைவிடச் சின்ன ஒரு ஃபெரைட் வளையம். தறிக்காரர் வீட்டில் கொடுத்தால் "இது பாவு, இது ஊடை" என்று சொல்லிவிடுவார்கள். நெசவேதான் அது. அந்தக் காலத்தில் பெண்கள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஊசியில் கம்பி கோத்து இதைப் பின்னினார்கள். பாவில் ஒரு கம்பிக்குப் பாதி கரண்ட், ஊடையில் ஒரு கம்பிக்குப் பாதி கரண்ட் கொடுத்தால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் காந்தத் திசை மாறும். அந்த மாற்றத்தை இன்னொரு கம்பி உணர்ந்து சொல்லும். படித்தால் அழிந்துவிடும், உடனே திரும்ப எழுத வேண்டும் என்பது ஒரு தொல்லை.

என்னிடம் உள்ள துண்டில் 64 வரிசை, 64 வளையம். மொத்தம் 4096 பிட். எட்டால் வகுத்தால் 512 பைட். பி.டி.பி-11ல் ஒரு டிஸ்க் பிளாக் சரியாக 512 பைட். இதைக் கணக்குப் போட்ட ராத்திரி, எழுந்து போய் அந்தச் சட்டத்தை ஒரு தடவை மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தற்காலிகக் கோப்பின் ஒரே ஒரு பிளாக், கையால் நெய்தது!

கோருக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது காந்தம். கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. பி.டி.பி-11ல் கரண்ட் போகப் போகிறது என்று தெரிந்ததும் சில மில்லி செகண்டுக்குள் பிராசசர் தன் கையில் இருந்ததையெல்லாம் கோரில் எழுதிவிட்டு நிற்கும்படி செய்யலாம். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1970ல் இன்டெல் 1103 என்ற ஒரு கிலோபிட் சில்லைக் கொண்டுவந்து கோரின் கதையை முடித்து வைத்தபோது, விலை இறங்கியது, வேகம் ஏறியது, இந்தக் குணம் மட்டும் தொலைந்தது. சில்லில் பிட் என்பது ஒரு துளி மின்னேற்றம். இரண்டு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்காவிட்டால் மறந்துவிடும். போதாததற்கு 1978ல் இன்டெல்லின் டிமோதி மே இன்னொன்று கண்டுபிடித்தார். சில்லை மூடும் பீங்கானில் இருக்கும் யுரேனிய, தோரியத் துணுக்குகள் ஆல்ஃபா துகளை விட்டு, எப்போதாவது ஒரு பிட்டைப் புரட்டிவிடுகின்றன. எம்.எல்.11 மாதிரிப் பெட்டிகளில் பிழை திருத்தும் சுற்று வைத்ததற்கு அவசியம் இல்லாமலா?

"அழியப் போகிற கோப்புதானே, கரண்ட் போனால் போகட்டும்" என்பதுதான் வாதம். பெரும்பாலும் சரியான வாதம். கம்பைல் பாதியில் நின்றால் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் எல்லாத் தற்காலிகக் கோப்பும் ஒரே மாதிரி இல்லை. பெர்க்லியின் வி.ஐ. எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்துக்கொண்டிருப்பதை அது டெம்பில் ஒரு கோப்பில் வைத்திருக்கும். மெஷின் விழுந்து எழுந்ததும், டெம்பைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால் ஒரு புரோகிராம் ஓடி, அந்தக் கோப்புகளைப் பொறுக்கித் தனி டைரக்டரியில் பத்திரப்படுத்தும். நீங்கள் மறுபடி உள்ளே வரும்போது, "உங்க வேலை காப்பாத்தி வெச்சிருக்கு" என்று மெயில் வந்திருக்கும். டெம்பை சில்லுப் பெட்டியில் வைத்திருந்தால்? பொறுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. பேர் டெம்பரரி, உள்ளே இருப்பது ஒருவருடைய மத்தியான உழைப்பு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2012ல் கோவையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் ஒரு பம்பு டிசைன் ஆபீசில் சேர்ந்து இரண்டு வருஷம். கேசிங்கில் அழுத்தம் எங்கே கூடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் வேலை. அந்த மென்பொருள் ஜி.பி. கணக்கில் ஸ்கிராட்ச் ஃபைல் எழுதும். ஹார்ட் டிஸ்க் கதறும். நான் புத்திசாலித்தனமாக ராம் டிஸ்க் ஒன்று உருவாக்கி, ஸ்கிராட்ச் எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டேன். ஒன்பது மணி நேர வேலை மூன்றரை மணிக்கு வந்தது. ஆபீசே பாராட்டியது. ஒரு நாள் ராத்திரி பெரிய வேலை ஒன்றை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கரண்ட் போனது, யு.பி.எஸ். பேட்டரி காலை வாரியது. காலையில் பார்த்தால், ஸ்கிராட்ச் மட்டும் போகவில்லை. பாதியில் நின்றால் தொடர்வதற்கென்று மென்பொருள் எழுதும் ரீஸ்டார்ட் ஃபைலும் அதே டைரக்டரிக்குத்தான் போயிருந்தது. வாடிக்கையாளருக்கு அன்று மத்தியானம் ரிப்போர்ட் போக வேண்டும். போகவில்லை. அந்த ஆர்டரும் போய்விட்டது.

என் சீனியர் அண்ணா திட்டவில்லை. "எதை ஒடைக்கலாம், எதை ஒடைக்கக் கூடாதுன்னு பாக்காம எல்லாத்தையும் மணலோட சேத்துக் கொட்டிப்போட்டியே கண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் பவுண்டரிக் குடும்பம். இந்தக் கட்டுரையின் மணல் உதாரணம் அவரிடமிருந்து திருடியது.

யூனிக்ஸ்காரர்கள் இதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். டெம்ப் என்று இரண்டு வைத்தார்கள். ஒன்று மெஷினை நிறுத்தினால் போய்விடலாம். வார் டைரக்டரிக்குக் கீழே உள்ள இன்னொன்று, நிறுத்தி எழுப்பினாலும் இருக்க வேண்டும். எது எங்கே என்று எழுதுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். 2012ல் எனக்கு இது தெரியாது.

கரண்ட் போனாலும் அழியாத, சுற்றாத ஒன்று வேண்டும் என்று அந்தக் காலத்திலும் தேடினார்கள். பெல் லேப்ஸில் ஆண்ட்ரூ போபெக் 1967ல் பபிள் மெமரி என்ற கருத்தைக் கொண்டுவந்தார். கார்னெட் படலத்துக்குள் நகரும் சின்னச் சின்னக் காந்தக் குமிழிகள். குமிழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 1979ல் இன்டெல் ஒரு மெகாபிட் பபிள் சில்லு கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க்கை இதுதான் விழுங்கப் போகிறது என்று அப்போது பேச்சு. விழுங்கவில்லை. டிஸ்க்கும் சில்லும் இரண்டு பக்கமும் விலை இறங்கி இதை நசுக்கிவிட்டன. ஆனால் ஒரு இடத்தில் நிலைத்து நின்றது. தூசியும் எண்ணெயும் அதிர்வும் உள்ள மெஷின் ஷாப். ஜப்பானின் ஃபேனக் கம்பெனி தன் சிஸ்டம் 6 போன்ற சி.என்.சி. கன்ட்ரோலர்களில் புரோகிராம்களை வைக்க பபிள் மெமரியைப் போட்டது. கணபதியில் ஒரு பட்டறையில் செகண்ட் ஹேண்டாக வந்த லேத் ஒன்றில் இந்த போர்டை நானே பார்த்திருக்கிறேன். கனமான உலோக உறைக்குள் சீல் வைத்தது மாதிரி இருக்கும். பட்டறைக்காரர், "இதுக்குள்ள என்னங்க இருக்குது, இப்பிடிக் கனக்குது?" என்று கேட்டார். "குமிழிங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1984ல் பி.சி. டாஸ் 3.0வோடு வி.டிஸ்க் வந்தது, பிறகு எம்.எஸ். டாஸில் ராம்டிரைவ். டர்போ சி காலத்து அண்ணன்மார், அக்காமார் பலர் கான்ஃபிக் ஃபைலில் அந்த வரியைச் சேர்த்து, 640 கிலோபைட்டில் பட்ஜெட் போட்டுப் பிழைத்தவர்கள். பி.டி.பி-11ன் 64 கிலோபைட் சுவர், இங்கே 640 ஆக மறு அவதாரம், வைத்தியமும் அதேதான். அதே 1984ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் மெமரியை அறிவித்தார். 1991ல் சன்டிஸ்க், பிற்காலத்து சான்டிஸ்க், 20 மெகாபைட் ஃபிளாஷ் டிஸ்க்கை சுமார் ஆயிரம் டாலருக்குக் கொடுத்தது. கரண்ட் போனாலும் அழியாத சில்லு கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபிளாஷ் எழுத எழுதத் தேயும். குப்பையை எழுதி எழுதி அதைத் தேய்ப்பானேன் என்று, சன் கம்பெனி எழுதிய டெம்ப்-எஃப்.எஸ். வழியிலேயே லினக்ஸ்காரர்களும் தற்காலிகக் கோப்புகளை மெயின் மெமரிக்குக் கொண்டுபோனார்கள். 2013ல் வந்த ஃபெடோரா 18 அப்படிச் செய்தது. 2025ல் வந்த டெபியன் 13ம் செய்தது. உங்கள் லேப்டாப்பில் அது இருந்தால், நீங்கள் ஓட்டுவது கருத்தளவில் பல்க் கோர்தான், கரண்ட் போனால் மறந்துபோகும் பல்க் கோர்.

இப்போது ஒரு வேண்டுகோள். என்னிடம் இருக்கும் கோர் சட்டம் எடைக்கு வந்த சரக்கு. அதோடு வந்த மற்றதெல்லாம் தங்க முலாமுக்காக அமிலத்தில் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். நம் மூத்த மாணவர்கள் பலர் 1970களிலும் 80களிலும் ஆய்வுக்கூடங்களில், மில் ஆபீஸ்களில், வெளிநாடுகளில் இந்த மெஷின்களோடு வேலை பார்த்தவர்கள். பரணில், டிரங்குப் பெட்டியில் ஒரு போர்டோ, மேனுவலோ, குத்திய பேப்பர் டேப்போ, பழைய பிரிண்ட் அவுட்டோ இருந்தால் இந்தச் சந்திப்புக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். துறையில் ஒரு கண்ணாடி பீரோ ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கார்டு கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே நடந்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதையும் பீரோவில் வைப்போம். கோர் சட்டத்தை நான் காலை டிபனுக்கு வரும்போதே கொண்டுவந்துவிடுவேன். பார்த்ததும் இன்ன மெஷினுடையது என்று சொல்லக் கூடியவர்கள் என்னைத் தேடிப் பிடியுங்கள்.